சனிக்கிழமை போகவில்லை

ஜனவரி 30, வியாழன்

இன்று ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் நூற்றுப்பதினெட்டு ரத்த மாதிரிகள். ஊதா மூடி, சிவப்பு மூடி, சாம்பல் மூடி. கண்ணை மூடினாலும் குழாய்கள்தான் வரிசை கட்டி நிற்கின்றன. அணுக்களை எண்ணும் இயந்திரம் மத்தியானம் மறுபடி மக்கர் செய்தது. பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினேன், ஓடியது. பதினெட்டு வருட அனுபவம் என்பது இதுதான் போல.

ஞாயிறு ஏரி நடைக்கு இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நான் வழிகாட்ட ஆரம்பித்து இது நாலாவது வருடம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு. இரண்டு மணி நேரம் நடை, பறவைக் கணக்கு, பிறகு ஒரு மணி நேரம் ஆகாயத்தாமரை பிடுங்குவது. கணக்குத் தாள் வன அலுவலகத்துக்குப் போகும். வடக்குக் கரையில் குப்பை கொட்ட இடம் கேட்டு நகராட்சி எழுதும்போதெல்லாம் நடைக் குழுவைத் தொடங்கிய எங்கள் டீச்சர் இந்தத் தாள்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். இதுவரை கொட்டவில்லை.

சனிக்கிழமை வழியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வடக்கே இலைக்கோழி குஞ்சு பொரித்திருக்கிறதாம்.

பிப்ரவரி 1, சனி

போகவில்லை. இயந்திரம் முழுதாகப் படுத்துவிட்டது. சரி செய்ய ஆள் வந்து போகவே நாலு மணி. கால் கடுக்க வீடு வந்து படுத்துவிட்டேன். போன மாதம் பார்த்த வழிதானே. வன அலுவலகப் படிவத்தில் ‘வழி பார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அந்தக் காட்சி கண்ணில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதினால் நிற்குமோ என்றுதான் எழுதுகிறேன்.

ஆறரைக்கு வாசலில் எல்லாரும் வந்துவிட்டார்கள். கொக்கு அண்ணன் சங்கிலியை அவிழ்த்துவிட்டார். ஏரியின் காவலர். குச்சிக் கால், நீளக் கழுத்து, அலுவலகத்தில் வைத்த பெயர். அவரே போனில் “கொக்கு பேசுறேன்” என்றுதான் சொல்வார். அவர் வாசலிலேயே இருந்தார், நான் ஆட்களை அழைத்துப் போனேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா எப்போதும்போல எனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். ஏழு மாதமாக ஒரு நடையும் விடாமல் வருகிறவர்.

எட்டு மணி வாக்கில் வெயில் ஏறிவிட்டது. வடக்கே போகச் சுற்று வழியில் நாற்பது நிமிடம். கோரைக்குள் குறுக்கு வழியில் பத்து நிமிடம். குஞ்சுகளைக் காட்ட வேண்டும். அப்பா பறவை அவற்றை இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டு நடக்கும், கால்கள் மட்டும் வெளியே தொங்கும். அதைப் பார்க்கிறவர்கள் அப்புறம் ஏரியை விடவே மாட்டார்கள். எனக்குத் தெரியும், நானே அப்படி மாட்டியவள்தான்.

குறுக்கு வழி தொடக்கத்தில் தபால்காரர் ஐயா கேட்டார். “இந்தப் பக்கம் பாத்தாச்சாம்மா?”

“நேத்துதான் பாத்தேன் ஐயா.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

புல் திட்டுகளில் கால் வைத்து நான் தாண்டினேன். என் எடையைத் தரை தாங்கியது. அவருடையதைத் தாங்கவில்லை. சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் மனிதர் இடுப்பு வரை உள்ளே. முகத்தில் பயம் கூட வரவில்லை, ஏதோ ஒரு படி தவறிவிட்ட மாதிரி பார்த்தார். பிறகு இழுத்துக் காலை எடுக்கப் பார்த்தார். இன்னும் இறங்கினார்.

“அசையாதீங்க” என்று கத்தினேன். பின்னாலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள், அவர்களையும் கத்தி நிறுத்தினேன். கையை நீட்டினால் எட்டவில்லை. மார்பு வரை வந்துவிட்டது. ஒரு முறை முகம் சாய்ந்து அந்தக் கறுப்புத் தண்ணீர் வாய்க்குள் போனது. இருமினார். “முப்பத்தஞ்சு வருஷம் நாய்க்குத்தான்மா பயந்தேன்” என்றார். யாருமே சிரிக்கவில்லை.

கொக்கு அண்ணன் எங்கிருந்து ஓடி வந்தாரோ, தோளில் ஒரு நீளப் பலகை. சேற்றின் மேல் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து, பாம்பு மாதிரி ஊர்ந்து போய் அவருடைய அக்குளில் கயிறு மாட்டினார். நாங்கள் எட்டு பேர் இழுத்தோம். இருபத்தைந்து நிமிடம். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது.

ஐயாவுக்கு ஒன்றும் இல்லை. கை கால் நடுக்கம்தான். அவர் மகள் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எல்லாரும் போன பிறகு கொக்கு அண்ணன் கோரை ஓரத்தில் நின்று தலையைச் சொறிந்தார். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்க கயிறு கட்டி சிவப்புத் துணி போட்டேனே மேடம். மேல் மதகுல தண்ணி விட்டாங்க, இளகிடும்னு. எவன் அவுத்தான்? நேத்து எனக்கு லீவு. நீங்க வந்தப்போ இருந்துச்சா?”

யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

காலை பத்து மணிக்கு வன ரேஞ்சரிடமிருந்து போன். ஆய்வகத்தின் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினேன், அங்கேதான் யாரும் வர மாட்டார்கள்.

“சனிக்கிழமை நீங்க வழி பாத்ததா படிவத்துல இருக்கு. எத்தனை மணிக்கு?”

“காலைல... ஏழு.”

“தரை எப்படி இருந்துச்சு?”

“கெட்டியாதான் இருந்துச்சு சார்.”

“கயிறு? துணி?”

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் எவ்வளவோ யோசித்தேன். இருந்தது என்றால், பிறகு ஞாயிற்றுக்கிழமை இல்லாதபோது ஏன் சந்தேகப்படவில்லை என்பார். பார்க்கவே இல்லை என்றால் — நடை, படிவம், ஆஸ்பத்திரிக்குப் புகார், வேலை... எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தது.

“கயிறெல்லாம் இல்ல சார்.”

“ம்” என்றார். “அப்போ அந்த ஆளு கட்டவே இல்ல. வெள்ளி சாயங்காலம் கட்டினது சனி காலைக்குள்ள எங்க போகும்?”

நான் அதைச் சொல்லவில்லை. அவராகவே சொல்லிக்கொண்டார். நான் சொன்னது ஒரு வரிதான்.

ஒரு வரி!

பிப்ரவரி 4, செவ்வாய்

யார் போன் அடித்தாலும் தூக்கிவாரிப் போடுகிறது.

பிப்ரவரி 8, சனி

தபால்காரர் ஐயாவே பேசினார். நன்றாக இருக்கிறாராம். “என் செருப்ப ஏரிக்குக் குடுத்துட்டேன்மா. அதுல எந்தப் பறவையாவது கூடு கட்டினா எனக்குச் சொல்லணும்” என்றார். மார்ச் நடைக்கும் பெயர் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஆனால் மார்ச்சில் நடை இருக்குமா என்பதே தெரியவில்லை. விசாரணை முடியும் வரை யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டதாம், டீச்சர் போனில் அழாத குறை.

ஆனாலும் இன்று ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஆள் பிழைத்துக்கொண்டார். கொக்கு அண்ணனைக் கூப்பிட்டு இரண்டு அதட்டு அதட்டி விட்டுவிடுவார்கள். எல்லாம் ஆறிப்போகும்.

ஆறிப்போகும் என்று மூன்று முறை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நடைக் குழுவின் வாட்ஸாப்பில் காலையில் ஒரு செய்தி. ஐயாவின் மகள் போட்டிருந்தார். அப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், கெண்டைக்கால் வலியில் எழுந்திருக்க முடியவில்லை, கண் சிவந்திருக்கிறது, யாராவது நல்ல டாக்டர் சொல்லுங்கள் என்று.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் அவர் செருப்புக்குள் பெருவிரலில் ஒரு பிளாஸ்திரி இருந்தது. நான் பார்த்தேன். காலில் புண் இருக்கிறவர்களைச் சேற்றுப் பக்கம் அழைத்துப் போகக்கூடாது என்பது நானே எழுதிய விதி. பார்த்தும் வாயைத் திறக்கவில்லை, அவருக்குக் குஞ்சுகளைக் காட்ட வேண்டுமே.

உடனே போன் போட்டேன். “அப்பாவை எங்க ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வாங்க. இப்பவே. சேத்துத் தண்ணில விழுந்தாரு, கால்ல புண்ணு இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லுங்க. எலிக்காய்ச்சலான்னு பாக்கச் சொல்லுங்க.”

மகள் எழுந்து வேறு அறைக்குப் போகிற சத்தம் கேட்டது.

“அங்க அப்படி வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“சீக்கிரம் கிளம்புங்க” என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 12, புதன்

அவருடைய ரத்தம் என் மேஜைக்கு வந்தது.

மற்ற குழாய்களோடு ஒரு குழாய். பெயர், வயது அறுபத்தேழு, வார்டு எண். நேற்றுவரை எனக்கு எல்லாக் குழாயும் ஒன்றுதான். இன்று இதைக் கையில் எடுத்தபோது இன்னும் சூடாக இருப்பதுபோல் ஒரு பிரமை.

தட்டணுக்கள் நாற்பத்தோராயிரம், ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டியது. இயந்திரம் பொய் சொல்கிறது என்று மறுபடி போட்டேன். முப்பத்தொன்பதாயிரம். கிரியாட்டினின் நாலரை. சிறுநீரகம் கைவிடுகிறது. எலிக்காய்ச்சல் சோதனை தெளிவாக எதுவும் சொல்லவில்லை. இவ்வளவு சீக்கிரம் சொல்லாது. ஆனால் நேற்றே டாக்டர் மருந்தை ஆரம்பித்துவிட்டார்.

முடிவில் கையெழுத்துப் போட வேண்டும். பேனா மூடியைத் திறக்காமலேயே தாளில் வைத்தேன். பக்கத்து மேஜைப் பெண் “என்னக்கா, தலைசுத்துதா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மத்தியானம் மாடி வார்டு வரை போனேன். கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். முகம் மஞ்சள் பூத்துவிட்டது. உள்ளே போகவில்லை. போனால் அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்.

பிப்ரவரி 13, வியாழன்

டயாலிசிஸ்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்றும். அவர் செத்துப்போனால் அதற்கு நான்தான். வேறு யாரும் இல்லை, நான்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

கிரியாட்டினின் இறங்குகிறது. சிறுநீர் வர ஆரம்பித்துவிட்டது. தட்டணு எழுபத்தாறாயிரம். குழாயை வைத்துவிட்டு ஓய்வறைக்குப் போய்க் கதவைச் சாத்தி அழுதேன்.

வெளியே வந்தால் வராந்தாவில் அவர் மகள். தையல் கடை வைத்திருக்கிறாராம், ஆறு நாளாகத் திறக்கவில்லை. கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்துவிட்டார்.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “டாக்டர் சொன்னாரு, ஒரு நாள் தள்ளிப் போயிருந்தா கஷ்டம்னு. அன்னிக்கு நீங்க போன் பண்ணலன்னா... நான் உங்கமேல கோவமா இருந்தேன். மன்னிச்சிருங்க.”

எனக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

“ஆனா அந்தக் காவலாளிய விடமாட்டேன்” என்றார். “எழுதிக் குடுத்துட்டேன். ஒரு கயிறு கட்ட வக்கில்லாதவனுக்கு எதுக்கு வேலை? நீங்க சனிக்கிழமை பாத்ததச் சொன்னீங்களாமே, அது ஒண்ணுதான் எங்களுக்கு ஆதாரம்.”

ஆதாரம். நான்.

பிப்ரவரி 19, புதன்

காலை ஏழு மணிக்கு “கொக்கு பேசுறேன் மேடம்” என்று குரல். அடுப்பை அணைத்துவிட்டுப் பால்கனிக்கு ஓடினேன்.

திங்கள் முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். தினக்கூலி ஆள்தானே, ஒரு கடிதம் கூட வேண்டியதில்லை. மாத முடிவில் ரேஞ்சர் எழுதி அனுப்பினால் அவ்வளவுதான், வேறு எந்த ஏரியிலும் எடுக்க மாட்டார்கள்.

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “நீங்க பாத்ததத்தான் சொல்லிருப்பீங்க, உங்களச் சொல்லி என்ன. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு மேடம், நான் கட்டினேனா, கட்டினதா நெனச்சுக்கிட்டேனான்னு. ஆனா முடிச்சு போட்டது கை ஞாபகத்துல இருக்கு. மருத மரத்துல ஒண்ணு, எதிர் கல்லுத்தூண்ல ஒண்ணு. அன்னிக்கு இருந்த பதட்டத்துல நான் மரத்தடியப் பாக்கல. யாராச்சும் அங்க போய் மரத்தப் பாத்தா போதும். என்ன உள்ள விடமாட்டேங்கறாங்க. ரேஞ்சரும் போகல. நீங்க ஒரு எட்டு பாத்துட்டு வரீங்களா?”

பார்க்கிறேன் என்றேன். எந்த வாயால் சொன்னேன்?

பிப்ரவரி 20, வியாழன்

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஓட்டுநர் பள்ளியிலிருந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றவில்லை, நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு நாளைக்கு எட்டுப் பேர் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிப்பதைப் பார்த்தும் பதறாத மனிதர். இன்று முகம் வெளிறிவிட்டது.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. அந்த மனுஷன் பொழச்சுக்கிட்டாரு. இப்ப போய் நான் பாக்கவே இல்லன்னா, அந்தப் பொண்ணு உன்ன கோர்ட்டுக்கு இழுப்பா. ஆஸ்பத்திரில என்ன நினைப்பாங்க? பொய்க் கையெழுத்துப் போட்டவ, ரத்த ரிப்போர்ட்டுலயும் போட மாட்டாளான்னு கேப்பாங்க.”

அதைத்தான் நானும் பதினெட்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, “மரத்துல கயிறு இருந்தா போட்டோ எடுத்துக் குடு. அவன் வேலை தப்பிச்சிரும். உன் பேச்சே வராது” என்றார். அது நல்ல யோசனையாக இருந்தது. மிகவும் நல்ல யோசனையாக. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

போனேன். டீச்சர் அலுவலகத்தில் கேட்டு அரை மணி அனுமதி வாங்கித் தந்தார், ‘பறவை எண்ணிக்கைப் பலகையை எடுத்துவர’ என்று.

இந்த ஏரியில் நான் பயந்ததே கிடையாது. இன்று வாசலைத் தாண்டியதுமே முதுகு சில்லிட்டது. கோரைக்குள் ஏதோ சளக் என்றது. தவளைதான். தவளை என்று தெரிந்தும் அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொரு அடிக்கும் தரையைக் குத்திப் பார்த்தேன், இருபது அடி நடக்கப் பத்து நிமிடம். ஐயா விழுந்த இடத்தில் சேறு மூடிக்கொண்டு, மேலே பச்சை படர்ந்து, பார்க்கப் புல்தரை மாதிரியே இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு மிகவும் பயம்.

மருத மரத்தின் அடியில், என் முழங்கால் உயரத்தில், நீலக் கயிறு. இரண்டு சுற்று, இறுக்கிப் போட்ட முடிச்சு. ஒரு சாண் நீளத்தில் கத்தியால் நறுக்கின நுனி. கல்தூணிலும் அப்படியே. முடிச்சுக்குள் சிவப்புத் துணியின் ஒரு நூல் கூட மாட்டியிருந்தது. யாரோ கயிறு வேண்டும் என்று அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், முடிச்சை அவிழ்க்கப் பொறுமை இல்லாமல்.

கட்டியிருக்கிறார். அவர் கட்டித்தான் இருக்கிறார்.

சனிக்கிழமை வந்திருந்தால் — ஒன்று கயிறு இருந்திருக்கும். இல்லை, இந்த நுனியாவது கண்ணில் பட்டிருக்கும். எது பட்டிருந்தாலும் ஒருவரையும் உள்ளே விட்டிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை குஞ்சுகள் நினைப்பில் மரத்தடியைப் பார்க்காமலேயே தாண்டிப் போனேன்.

போட்டோ எடுத்தேன். ஆறு முறை எடுத்தேன், ஐந்து ஆடிவிட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

அரை நாள் விடுப்பு. போனில் போட்டோ. வழியெல்லாம் மனப்பாடம்: ‘சார், நேத்து போனப்போ இது கண்ணுல பட்டுச்சு, உங்களுக்கு உபயோகப்படுமான்னு.’ அவ்வளவுதான். கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

வன அலுவலக வராந்தா பெஞ்சில் கொக்கு அண்ணன் உட்கார்ந்திருந்தார். தினமும் வந்து உட்காருகிறாராம், யாராவது கூப்பிடுவார்களா என்று. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “பாத்தீங்களா மேடம்?” தலையசைத்தேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கக் கூசியது.

ரேஞ்சர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. “கட்டித்தான் இருக்கான்” என்றார். எனக்கு மூச்சு திரும்பியது. எழுந்துவிடலாம் என்று பையை எடுத்தேன்.

“ஒரு நிமிஷம். சனிக்கிழமை காலைல நீங்க போனப்போ இந்த முடிச்சு இருந்துச்சா, இல்லையா?”

மின்விசிறி ஒரு பக்கமாகத் தட்டிக்கொண்டே சுற்றியது. இருந்தது என்று சொன்னால், கயிறு அறுந்ததைப் பார்த்தும் ஆட்களை அழைத்துப் போனவள். இல்லை என்று சொன்னால், இதைக் கொக்கு பிறகு வந்து கட்டிவிட்டு அறுத்து ஏமாற்றுகிறான் என்று ஆகும். அவர் கண்ணில் அந்தச் சந்தேகம் ஏற்கெனவே வந்துவிட்டது. கதவு திறந்தே இருந்தது. பெஞ்சில் அண்ணனுடைய முழங்கால் மட்டும் தெரிந்தது.

ஒரு தரம் இருமினேன்.

“நான் சனிக்கிழமை போகல சார்.”

“என்ன?”

“போகவே இல்ல. வேலை முடிஞ்சு வந்து வீட்டுல படுத்துட்டேன். படிவத்துல பொய்யா எழுதினேன். கயிறு இல்லன்னு உங்ககிட்ட சொன்னதும் பொய்தான். ஐயா கால்ல பிளாஸ்திரி போட்டிருந்தாரு, அதையும் பாத்துட்டுச் சும்மா இருந்தேன். அவரு என்ன கேட்டாரு, வழி பாத்தாச்சான்னு. பாத்தேன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன்.”

நிறுத்த முடியவில்லை. கேட்காததையெல்லாம் சொன்னேன். ரேஞ்சர் பேனாவை மூடி, திறந்து, மூடினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “எழுதிக் குடுங்க.”

எழுதினேன். எழுத்து கோணவில்லை.

வெளியே வந்தபோது அண்ணன் பெஞ்சில் இல்லை. வாசல் வேலியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். “அண்ணே” என்றேன். திரும்பவில்லை. “ரெண்டு வாரமா எனக்கே என்மேல சந்தேகம் மேடம்” என்றார். “என் பொண்டாட்டிகூட, நல்லா யோசிச்சுப் பாருங்க, மறந்திருப்பீங்கன்னா.”

பிப்ரவரி 26, புதன்

ஐயாவின் மகளுக்கு நானே போன் செய்தேன். வேறு யார் மூலமாகவும் தெரியக்கூடாது என்று. முழுதும் கேட்டார். கடைசியில், “நான் உங்க கையப் பிடிச்சு மன்னிப்பு கேட்டப்போ சும்மா நின்னீங்களே அன்னிக்கு” என்றார். வைத்துவிட்டார்.

இவர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று காலை என் மதியச் சாப்பாட்டு டப்பாவை மட்டும் அவரே கட்டி வைத்திருந்தார்.

பிப்ரவரி 28, வெள்ளி

ஆஸ்பத்திரி நிர்வாகி கூப்பிட்டார். நானே முந்திக்கொண்டு சொல்லியிருந்தேன். மூன்று மாதம் என் ஒவ்வொரு முடிவையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு. வேலை போகவில்லை. பக்கத்து மேஜைப் பெண் என் தாளில் கையெழுத்துப் போடும்போது தலையைத் தூக்காமல் போடுகிறாள். அவளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்... விடு.

மார்ச் 2, ஞாயிறு

முதல் ஞாயிறு. நடை இல்லை. நாலு வருடத்தில் முதல் முறையாக எண்ணிக்கைத் தாள் இல்லாத மாதம். நகராட்சி ஆட்கள் வடக்குக் கரையில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்ததாக டீச்சர் சொன்னார். ஆறரைக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுந்து என்ன செய்ய?

மார்ச் 15, சனி

முடிவு வந்துவிட்டது. இரண்டு வருடம் நான் எந்த நடைக்கும் வழிகாட்டக்கூடாது. ஐயாவின் குடும்பம் வழக்குப் போட விரும்பினால் அது அவர்கள் உரிமை. கொக்கு அண்ணன் மறுபடி வேலையில். ஏப்ரலிலிருந்து நடை நடத்தலாம். வழி பார்ப்பதும் வழிகாட்டுவதும் காவலர் பொறுப்பு, படிவத்தோடு போட்டோவும் வைக்க வேண்டும்.

டீச்சர் கேட்டார், “நீ வருவியா? சும்மா, நடக்க.”

பயமாக இருக்கிறது என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சேற்றுக்கா, ஆட்களுக்கா, எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

போனேன்.

வாசலில் பெயர் எழுதும்போது என் வரிசை எண் பத்தொன்பது. புதிதாக வந்த ஒரு பெண் “நீங்களும் முதல் தடவையா?” என்று கேட்டார். பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

கொக்கு அண்ணன் முன்னால் நின்று பேச ஆரம்பித்தார். மூன்று வாக்கியத்துக்குள் வேர்த்துவிட்டது. பறவை பேரை மறந்து, “இந்தா... அது...” என்று கையால் இறக்கை அடித்துக் காட்டினார், எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு சரளமாக வந்தது. காலில் புண் உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னார். இரண்டு பேர் தூக்கினார்கள். வாசலிலேயே உட்கார வைத்துவிட்டார், அவர்கள் முகம் வாடியும் விடவில்லை. என்னைப் பார்த்தார். தலையை அசைத்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கிளம்பும் நேரத்தில் ஐயாவின் மகள் வந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று கூட நினைத்தேன். ஐயா வீட்டில்தான் இருக்கிறார், இன்னும் ஒரு மாதம் வெளியே நடக்கக்கூடாது. “எனக்குப் பதிலா நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுன்னு ஒரே நச்சரிப்பு” என்று டீச்சரிடம் சொல்வது காதில் விழுந்தது. கழுத்தில் அப்பாவின் தொலைநோக்கி. வழக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சுற்று வழியில்தான் போனோம், நாற்பது நிமிடம். நான் வரிசையின் கடைசி. ஈரமான இடம் வந்தபோதெல்லாம் கால் தானாக நின்றது. முன்னால் போகிறவர்கள் தாண்டும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டுத்தான் அடி வைத்தேன். வடக்குக் கரையில் நகராட்சி நட்டிருந்த அளவுக் கல் ஒன்று. டீச்சர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். அண்ணன் எல்லாரையும் உட்காரச் சொல்லிக் கணக்குத் தாள்களைக் கொடுத்தார்.

ஐயாவின் மகள் எனக்கு மூன்று அடி முன்னால் உட்கார்ந்திருந்தார். தொலைநோக்கியை வெகுநேரம் திருகினார். பிறகு, கண்ணை எடுக்காமலேயே, “அது என்ன?” என்றார்.

யாரைக் கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

“எது?”

“வெள்ளையா. வாய் தட்டையா இருக்கே.”

“கரண்டிவாயன்.”

“எத்தனை இருக்கு?”

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன்.

“நீங்க எண்ணுங்க” என்றேன்.

உதடு அசைய மெதுவாக எண்ணினார். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை எண்ணினார். தாளில் பதினாலு என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரைப் போட்டார்.